சுண்ணாம்பு சுட்டது

காலையில் ஆய்வகத்தைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது சிலிக்கா ஜெல்லின் நிறத்தை. நீலமாக இருந்தால் நிம்மதி. இளஞ்சிவப்புக்கு மாறியிருந்தால் அன்றைக்கு வேலை மத்தியானத்துக்குப் பிறகுதான். அந்த மணிகளை அவணில் போட்டு வறுத்து, நீலம் திரும்பியதும் ஆறவிட்டு, மெஷினுக்குள் வைத்து மூடி, உள்ளே காற்று காயும்வரை காத்திருக்க வேண்டும். கொழும்பில் இதே மாதிரி மெஷின் வைத்திருக்கும் நண்பனுக்கு இது பெரிய வேடிக்கை. அவனிடம் ஏசி இருக்கிறது. எங்களிடம் மலைதான் இருக்கிறது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் பனிமூட்டம் கேட்காமல் உள்ளே வந்து மேசையில் உட்கார்ந்துவிடும்.

மெஷின் என்று நான் சொல்வது எப்.ரீ.ஐ.ஆர்., கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பொருளின் மேல் விட்டு அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் கருவி. எங்கள் பாடப்புத்தகத் தமிழில் செங்கீழ்க் கதிர்த் திருசியமானி. தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு அகச்சிவப்பு நிறமாலைமானி. அதன் வயிற்றுக்குள் ஒளியை இரண்டாகப் பிரிக்க ஒரு தட்டு இருக்கிறது. பொற்றாசியம் புரோமைட்டால் ஆனது. பெயர்தான் பெரிது, அதுவும் ஒரு உப்புத்தான். மாரி காலத்தில் அடுப்படியில் உப்புப் போத்தல் கசியுமே, அப்படித்தான் இதுவும் கசியும். கசிந்தால் பால் போல மங்கிப் போகும், அப்புறம் தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால் மெஷினை இரவு பகலாக ஓட விட்டு வைப்போம். உள்ளே இளஞ்சூடு இருந்தால் ஈரம் தங்காது.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது, வீட்டில் அரிசி இருக்கிறதா என்பதற்கு அடுத்தபடி எனக்கு இந்தத் தட்டைப் பற்றித்தான் கவலை. அவண் ஓடாது. சிலிக்கா ஜெல்லை விறகடுப்பில் ஒரு தாச்சியில் போட்டு வறுத்தேன். இதை யாரும் பின்பற்ற வேண்டாம். அந்த நீல நிறத்தைக் கொடுப்பது கொபோல்ற்று உப்பு, அது நச்சு. அந்தத் தாச்சி அதற்குப் பிறகு சமையலுக்குத் திரும்பவில்லை, இன்றைக்கும் ஆய்வகச் சொத்தாக அலமாரியில் கிடக்கிறது.

இந்த மெஷின் வந்தது பிளாஸ்டிக், பெயின்ட், உரம் இந்த மாதிரிச் சாமான்களைப் பார்க்க. சில வருடங்களுக்கு முன் ஒரு பட்டப்பின்படிப்பு மாணவி வந்து, மனித வாயிலிருந்து எடுத்த இழையத்தை, அதாவது திசுவை, இதில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். எனக்கு முதலில் கொஞ்சம் அருவருப்பு. அப்புறம் ஆர்வம். அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

ஏன் வாய் என்று மலையகத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்று நீண்ட காலமாகவே முதல் வரிசையில் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களில் பெண்களும் விலக்கில்லை. விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கப் போகும்போதே இடுப்பில் வெத்திலைப் பை ஏறிவிடும். வெத்திலை, பாக்கு, சுண்ணாம்பு, பொயிலை. குளிருக்கு அது, பசிக்கு அது, அட்டைக் கடிக்கு மேலே துப்பவும் அது. என் அத்தைக்கு முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்த கை. டிக்கோயா பக்கத்துத் தோட்டம். அவருக்கு மத்தியானச் சாப்பாடு தவறினாலும் தவறும், இது தவறாது.

பாக்கு தனியாகவே, பொயிலை சேராமலே, மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று லியோனில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. இது நம்மவர்கள் பலருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. பொயிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தான் என்று பெருமையாகச் சொல்பவர்களை நான் வாராவாரம் சந்திக்கிறேன். பாக்கில் உள்ள அரிக்கோலின் என்ற பொருள் கன்னத்தின் உள்தோலில் கொலாஜன் நாரை அளவுக்கு மீறிச் சேர வைக்கிறது. பாக்கில் நிறையவே உள்ள செம்பு அந்த நார்களை ஒன்றோடொன்று இறுக்கித் தைக்கும் நொதிக்குத் துணை போகிறது. கன்னம் உள்ளே தோல் மாதிரி விறைத்துப் போகும். வாய் திறப்பு குறையும். மூன்று விரலை நிமிர்த்தி மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் விடச் சொல்வார்கள் பல் மருத்துவர்கள். போகாவிட்டால் யோசிக்க வேண்டும்.

சரி, இதில் செங்கீழ்க் கதிருக்கு என்ன வேலை?

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வரிசையாகச் சேலைத் தொட்டில் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு தொட்டிலுக்கும் ஒரு தாளம். கயிறு குட்டையானது வேகமாக ஆடும், நீளமானது மெல்ல ஆடும். ஆயாவுக்கு இது கையிலேயே தெரியும். தாளத்துக்கு ஒத்துத் தள்ளினால் தொட்டில் அந்தத் தள்ளலை வாங்கிக்கொண்டு உயரும். ஒத்துவராமல் தள்ளினால் கைதான் வலிக்கும். மூலக்கூறில் அணுக்களுக்கு நடுவே இருக்கும் பிணைப்புகளும் இப்படித்தான், ஒவ்வொன்றும் தன் தாளத்தில் ஆடிக்கொண்டே இருக்கிறது. செங்கீழ்க் கதிரின் தாளமும் அதே வரம்பில் இருப்பதால், எந்தப் பிணைப்புக்கு எது ஒத்துப் போகிறதோ அதை அது விழுங்கிவிடும். விழுங்கியது போக மிச்சம் வெளியே வரும் ஒளியில் எந்த எந்தத் தாளம் காணாமல் போயிருக்கிறது என்று பார்த்தால், உள்ளே என்ன என்ன பிணைப்பு இருக்கிறது என்று தெரியும். சாயம் பூச வேண்டாம், ஊசி குத்த வேண்டாம்.

1800இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது, சிவப்புக்கு அப்பால் ஒன்றுமே தெரியாத இடத்தில்தான் சூடு அதிகம் ஏறியது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத சூடுதான் இது. அடுப்புக்கு முன்னால் கையை நீட்டினால் உறைக்கிறதே, அதன் உறவினர்.

தாளத்தைச் சொல்ல நாங்கள் அலையெண் என்ற கணக்கைப் பயன்படுத்துகிறோம்: ஒரு சென்ரிமீற்றரில் எத்தனை அலை. 4000இலிருந்து 400 வரை பார்ப்போம். எந்தத் தாளம் எவ்வளவு விழுங்கப்பட்டது என்று மெஷின் ஒரு கோடாக வரையும், அந்தக் கோடுதான் திருசியம். இழையத்தை வைத்தால் எப்போதும் தலை நிமிர்ந்து நிற்பது 1650இல் ஒரு மலை, பக்கத்தில் 1550இல் அதன் தம்பி. இரண்டும் புரதம். 2920, 2850 என்று ஒட்டிப் பிறந்த இரண்டு கூர்முனைகள் கொழுப்பின் நீண்ட வால்கள், 1740 அதே கொழுப்பின் தலை. 1240இலும் 1080இலும் பொசுபேற்று, அதாவது டீ.என்.ஏ.யின் முதுகெலும்பும் கலத்தின் (செல்லின்) சவ்வும் கலந்த குரல். 1150இலிருந்து 1025 வரை ஒரு சரிவு வந்தால் கிளைக்கோசன், கலம் சேமித்து வைக்கும் மாச்சத்து. 1338, 1280, 1204 என்று சின்னச் சின்னக் குன்றுகள் சேர்ந்து வந்தால் கொலாஜன். மனப்பாடமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், ஹற்றன் பாதையில் ஓடும் கொண்டக்டருக்குக் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை எப்படி வருமோ அப்படி இதுவும் வாயில் வந்துவிடுகிறது.

புற்றுநோய்க் கலம் நல்ல கலத்திலிருந்து மாறும்போது இந்த எல்லாமே மாறுகிறது. அது வேகமாகப் பிரிகிறது, அதனால் டீ.என்.ஏ.யும் ஆர்.என்.ஏ.யும் கூடலாம். சேமித்த கிளைக்கோசனைத் தின்று தீர்க்கலாம். சுற்றியுள்ள கொலாஜன் வேலியை அறுத்துக்கொண்டு போகலாம். அப்படியானால் ஒரு கோட்டை வரைந்து, கோடு இப்படி வளைந்தால் புற்று, அப்படி வளைந்தால் இல்லை என்று சொல்லிவிடலாமே?

சொல்லலாம் என்றுதான் நினைத்தார்கள். 1991இல் பேட்ரிக் வோங்கும் கூட்டாளிகளும் கருப்பைக் கழுத்திலிருந்து சுரண்டி எடுத்த கலங்களின் திருசியத்தை வெளியிட்டார்கள். புற்றுள்ள மாதிரிகளில் கிளைக்கோசன் சரிந்திருந்தது, பொசுபேற்றுப் பகுதியும் மாறியிருந்தது. உலகம் பரபரத்தது. அடுத்த பத்து வருடத்தில் அந்தப் பரபரப்பு மெல்ல மெல்ல வடிந்தது. காரணம் எளிது. நல்ல இழையத்திலேயே மேல் அடுக்குக் கலங்களில் கிளைக்கோசன் நிரம்பி வழியும், கீழ் அடுக்கில் அவ்வளவு இருக்காது. சுரண்டும் கை கொஞ்சம் ஆழமாகப் போனால் கோடு மாறும். ஒரு துளி இரத்தம், கொஞ்சம் சளி, அழற்சிக்கு ஓடி வந்த வெள்ளை இரத்தக் கலங்கள், எது சேர்ந்தாலும் கோடு மாறும். புற்றுநோய் வந்தால் கோடு மாறும் என்பது சரி. கோடு மாறினால் புற்றுநோய் என்பது அதிலிருந்து வராது. டீ.என்.ஏ. விஷயம் இன்னும் சங்கடமானது. கலத்தின் கருவுக்குள் அது இறுகச் சுருண்டு கிடக்கும்போது ஒளி அதற்குள் சரியாகப் போகாது, இருக்கும் அளவைவிடக் குறைவாகக் காட்டும். மக்ஸ் டீம் என்ற ஆய்வாளர் இந்த மாதிரிப் பொறிகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். நான் மதிக்கும் ஆட்கள் இந்த வகை. மற்றவர் கொண்டாடும்போது ஓரமாக நின்று, இது தூசாக இருக்குமோ என்று கேட்பவர்கள்.

தூசு என்றால் பல வகை. முதல் தூசு தண்ணீர். தண்ணீரும் 1640 பக்கத்தில் விழுங்கும், புரதத்தின் பெரிய மலைக்கு நேர் கீழே. ஆகவே இழையத்தைக் காய வைக்க வேண்டும். எவ்வளவு காய்ந்தாலும் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதைக் கணக்கில் கழிக்க வேண்டும். மழை நாளில் கொழுந்து மடுவத்தில் நடப்பது இதுதான். தராசு இருபது கிலோ காட்டும், கணக்கப்பிள்ளை கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுச் செக்ரோலில் வேறு எண்ணை எழுதுவார். ஈரம் இல்லை என்று எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டார். எவ்வளவு என்பதில்தான் சண்டை. "அவரு கழிச்சதெல்லாம் தண்ணியா, என் வேர்வையும் சேத்துத்தான்" என்று அத்தை பல வருடம் முணுமுணுத்திருக்கிறார். கணினித் திரைக்கு முன்னால் தண்ணீரைக் கழிக்கும்போது எனக்கு அவர் முகம்தான் வரும். கூடக் கழித்தால் புரத மலையின் உச்சி சாயும், சாய்ந்ததை நோய் என்று எழுதிவிடலாம்.

இரண்டாவது தூசு மெழுகு. ஆஸ்பத்திரியில் எடுத்த துண்டு போமலினில் ஊறி, பரபின் மெழுகில் பதிந்து, நாலைந்து மைக்கிரோமீற்றர் தடிப்பில் சீவப்பட்டுத்தான் நம்மிடம் வரும். பரபின் என்பது காபனும் ஐதரசனும் மட்டுமே, ஆகவே 2920இலும் 2850இலும் கொழுப்பு நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்கும். சைலீன் என்ற கரைப்பானைப் போட்டுக் கழுவலாம். கழுவினால் இழையத்தின் சொந்தக் கொழுப்பிலும் பெரும் பங்கு கூடவே போய்விடும். வாசலைக் கழுவும்போது கோலமும் போன கதை. மெழுகில்லாத புதிய துண்டு கிடைத்தால் நல்லது, ஆனால் அதை உறைய வைத்துக் கொண்டுவர ஒழுங்கான குளிர்ப்பெட்டி வேண்டும், எங்கள் பாதையில் பஸ் மூன்று மணி நேரம் பிடிக்கும்.

கண்ணாடித் தட்டும் உதவாது. நுணுக்குக்காட்டிக்கு (மைக்ரோஸ்கோப்புக்கு) போடும் சாதாரணக் கண்ணாடி 2000க்குக் கீழே ஒளியை அநேகமாக அடைத்துவிடும். நமக்கு வேண்டியதோ அதற்குக் கீழேதான். கல்சியம் புளோரைட்டு வட்டு வேண்டும். அது விலையும் கூட, கைதவறினால் இரண்டு துண்டு. என் கணக்கில் இதுவரை உடைந்தது மூன்று வட்டு.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் மலைக்காரனாக எனக்கு மனசு கேட்காது. இரவில் ஹற்றனிலிருந்து இறங்கும்போது பனிமூட்டத்துக்குள் ஹெட்லைட்டைப் பெரிதாக்கினால் பாதை தெரியாது, வெள்ளைச் சுவர்தான் தெரியும். பனித்துளி ஒளியை விழுங்குவதில்லை, திசை திருப்பி வீசுகிறது. உருண்டைத் துளி ஒளியை எப்படி வீசும் என்று குஸ்தாவ் மீ என்ற ஜெர்மானியர் 1908இல் கணக்குப் போட்டு வைத்தார். மூட்டத்தின் துளி பத்து மைக்கிரோமீற்றர் அளவில் இருக்கும். ஒரு மனிதக் கலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 1650இல் இருக்கும் செங்கீழ்க் கதிரின் அலைநீளம் ஆறு மைக்கிரோமீற்றர். அதாவது தனிக் கலங்களை மெஷினில் வைப்பது பனிமூட்டத்துக்குள் லைட் அடிப்பது. கலம் ஒளியை விழுங்கியது எவ்வளவு, வீசி எறிந்தது எவ்வளவு என்று கோட்டில் பிரித்துத் தெரியாது. அந்த வீச்சு புரத மலையின் ஒரு பக்கத்தைச் செங்குத்தாக வெட்டி, உச்சியையும் கீழே தள்ளிவிடும். இதையும் பல காலம் வேதியியல் மாற்றம் என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். 2010 வாக்கில் மன்செஸ்டரில் ஒரு குழு இதைச் சரியாகக் கணித்து நீக்க வழி கண்டது. அந்தக் கட்டுரையைப் படித்த அன்று சாயந்தரம் வெளியே வந்தேன். மூட்டம் அப்படியே நின்றது. பிறந்ததிலிருந்து பார்க்கிற சாமான், அதற்கும் என் மேசையில் கிடக்கும் கோட்டுக்கும் ஒரே கணக்கு என்று எனக்குத் தோன்றவேயில்லையே என்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

இவ்வளவு எச்சரிக்கையும் தெரிந்தவன்தான் நான். அப்படியும் மாட்டினேன்.

மாணவி வெத்திலை போடுபவர்களிடமும் போடாதவர்களிடமும் சம்மதம் வாங்கி, ஒரு பல் மருத்துவர் துணையோடு கன்னத்தின் உட்பக்கத்தை மெல்லச் சுரண்டி மாதிரி எடுத்துவந்தார். அதைக் காய வைத்து, மெஷினின் வைரத்தில் அழுத்தி வைத்துப் பார்த்தோம். சின்ன வைரம்தான், ஒளி அதற்குள்ளே பட்டுத் திரும்பும்போது மேலே ஒட்டியிருப்பதை ஒன்றிரண்டு மைக்கிரோமீற்றர் ஆழத்துக்குத் தொட்டுவிட்டு வரும். வெத்திலை போடுபவர்களின் கோட்டில் 872இல் ஒரு கூர்முனை இருந்தது. 1420 பக்கம் அகலமாக ஒரு வீக்கம். போடாதவர்களிடம் இரண்டும் இல்லை. ஒருவர் இருவர் இல்லை, வரிசையாக.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. இழையத் திருசியத்தில் ஒரு வசதி உண்டு: எந்த இடத்தில் முனை வந்தாலும் பழைய கட்டுரைகளில் தேடினால் அதற்கு ஒரு பெயர் கிடைத்துவிடும். எங்களுக்கும் கிடைத்தது. டீ.என்.ஏ.யின் சர்க்கரைப் பகுதி என்று ஒரு விளக்கத்தைப் பிடித்துக்கொண்டோம். பாக்கு கலத்தின் கருவையே மாற்றுகிறது, அது எங்கள் கண் முன்னால் தெரிகிறது என்று மாணவி முதல் பக்கத்தை எழுதத் தொடங்கிவிட்டார். நானும் தடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். லயத்து வாசலில் உட்கார்ந்து வெத்திலையின் காம்பைக் கிள்ளி, நரம்பை நீவி, டப்பியைத் திறந்து சுண்ணாம்பைத் தடவினார். டப்பியின் மூடியில் காய்ந்து பொருக்குக் கட்டிய சுண்ணாம்பு. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் ஏதோ நழுவியது. சுண்ணாம்பு கல்சியம் ஐதரொட்சைட்டு. காற்றில் இருந்தால் காபனீரொட்சைட்டை இழுத்துக் கல்சியம் காபனேற்று ஆகிவிடும், சுவர் வெள்ளை இறுகுவது அப்படித்தான். உயர்தரப் பிள்ளைகளுக்கே தெரியும். பொருக்கில் கொஞ்சம் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை காலையில் வைரத்தில் வைத்தேன். 1420, 872, கூடவே 712. புத்தகத்தில் இருப்பது போலவே காபனேற்று. ஈரமான உட்பகுதியை வைத்தால் 3640இல் ஊசி மாதிரி ஒரு முனை, அது இன்னும் காபனேற்று ஆகாத சுண்ணாம்பு.

மாணவியிடம் காட்டினேன். அவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் சிரிக்கத் தொடங்கினார். எழுதிய பக்கத்தைக் கிழித்தோம். அதற்குப் பிறகு வந்தவர்களை மூன்று தரம் வாய் கொப்பளிக்கச் சொல்லி, முதல் சுரண்டலைத் துடைத்து எறிந்துவிட்டு, இரண்டாவதை எடுத்தோம். 872 போய்விட்டது. மிச்சமிருந்த வித்தியாசங்கள் சின்னவை, தெளிவில்லாதவை, ஆனால் நேர்மையானவை. ஆய்வேடு அதைத்தான் சொல்லிற்று.

இந்தக் கதையை நான் பல இடங்களில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு.

அன்று வாசலில் அத்தை வெத்திலையை ஒரு பக்கமாகவே மென்றார். ஏன் என்று கேட்டேன். "அந்தப் பக்கம் சுண்ணாம்பு சுட்டுருச்சு தம்பி. வெள்ளையா தோலு எந்திரிச்சிருக்கு, காரம் பட்டா எரியுது." எத்தனை நாளாக என்று கேட்டேனா என்று இப்போது நினைவில்லை. கேட்டிருந்தால் நினைவிருக்கும். சுண்ணாம்பு வாயைச் சுடும், அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். என் தலைக்குள் 872 ஓடிக்கொண்டிருந்தது. டப்பியைப் பார்த்தேன், வாயைப் பார்க்கவில்லை.

வாய்க்குள் வெள்ளையோ சிவப்போ புண்ணோ இரண்டு மூன்று கிழமையில் ஆறாவிட்டால் காட்ட வேண்டும். இதை எத்தனை பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன்! அத்தைக்கு முதலில் ஒரு இடத்தில் பூசுவதற்கு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாவது தரமும் அதே மருந்து. எட்டு மாதத்தில் வெள்ளைக்கு நடுவே புண், புண்ணின் ஓரம் தடித்துக் கெட்டியானது. அப்புறம்தான் கண்டிக்கு வந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள்.

துண்டு போன மறுநாள் அத்தை கேட்டார், "உன் மெஷின்ல போட்டுப் பாத்தா என்னான்னு சொல்லிருமா?"

"சொல்லாது அத்தை."

"பெறகு என்னத்துக்கு அது?"

அது புற்றுத்தான் என்று சொன்ன மருத்துவரிடம் இருந்தது நூறு வருடத்துக்கு மேல் பழைய முறை. மத்திய அமெரிக்க மரம் ஒன்றின் நெஞ்சுக் கட்டையிலிருந்து எடுக்கும் ஹீமற்றொக்சிலின் கருவை நீலமாக்கும், இயோசின் மிச்சத்தை ரோஸாக்கும், பழகிய கண் ஒன்று நுணுக்குக்காட்டிக்குள் பார்த்துச் சொல்லும். அவ்வளவுதான். கரு பெருத்திருக்கிறதா, கலங்கள் அடித்தளத்தை உடைத்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கின்றனவா என்பதை அந்தக் கண் ஒரு பார்வையில் பிடிக்கிறது. என் மெஷின் பார்க்கும் பத்து மைக்கிரோமீற்றர்ப் புள்ளிக்குள் ஒரு முழுக் கலமே அடங்கிவிடும்.

அத்தையின் கேள்விக்கு நான் அன்று சொல்லாத பதில் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். 1990களின் நடுவில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகளைப் பார்க்கும் உணரிகள் இந்தத் துறைக்கு வந்தன. இழையத்தின் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முழுத் திருசியம். 2005இல் பெர்னாண்டஸ், பார்கவா, ஹெவிட், லெவின் என்று நாலு பேர் புரஸ்தகோள (புரொஸ்டேட் சுரப்பி) இழையத்தில் இதைச் செய்துகாட்டினார்கள். எந்தப் புள்ளி எந்த வகை இழையம் என்று நோயியல் மருத்துவர் குறித்துக்கொடுத்ததைக் கணினி கற்று, சாயமே இல்லாமல் இழையத்தை நிறம் பிரித்துக் காட்டியது. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இதுதான் புற்று என்று கத்துவதை விட்டுவிட்டு, கோடு முழுவதையும் பார்த்து, எந்தக் கலம் எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துப் படித்தார்கள். அன்றிலிருந்து கணக்கும் ஒளிமூலமும் எவ்வளவோ முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் நம் ஆஸ்பத்திரிகளில் இது அன்றாட வேலைக்கு வரவில்லை, சீக்கிரம் வரும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். மருத்துவரின் இடத்தைப் பிடிக்க இதை அனுப்புவது தப்பு என்பது என் கட்சி. அவர் கண்ணுக்கு அகப்படாததை அளப்பதில்தான் இதற்கு வேலை இருக்கிறது. கன்னத்தில் கொலாஜன் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, மருந்து கொடுத்த பிறகு குறைந்ததா என்பதை 1338, 1280, 1204 சொல்லக்கூடும். எங்கள் ஊருக்கு அது பெரிய விஷயம்.

அத்தைக்கு வெட்டி எடுத்தார்கள், கதிர் வைத்தார்கள். நாலு வருடம் ஆகிறது. ஒரு பக்கக் கன்னம் உள்வாங்கியிருக்கிறது, இரண்டு விரல்தான் போகும், கஞ்சியும் குழைந்த சோறும். கிளினிக்குக்குக் கண்டி வந்தால் திரும்பும் வழியில் என்னிடம் வருவார். போன மாதம் வந்தது சனிக்கிழமை, ஆய்வகத்தில் யாரும் இல்லை. மெஷினைப் பார்க்க வேண்டும் என்றார். இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். எனக்குத் திக்கென்றது.

"போடுறதில்லடா. வீட்டுக்கு வர்றவங்களுக்குக் குடுக்க வச்சிருக்கேன். இதுகளப் போட்டுக் காட்டு."

யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சுண்ணாம்பை வைத்தேன். 3640 ஊசி, 1420, 872. இதுதான் என்னை ஏமாற்றிய ஆள் என்றேன். பாக்கைச் சீவித் தூளாக்கி வைத்தேன். மாச்சத்தின் பெரிய மேடு, அதன் மேலே 1740இல் கொழுப்பு. அத்தை திரைக்குக் கிட்ட வந்து விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே போனார், கொழுந்து எடுத்த விரல், நுனி இன்னும் கறுத்துத்தான் இருக்கிறது.

"இதுல எது?"

அரிக்கோலின் பாக்கில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதன் முனையும் 1740 பக்கத்திலேயே வரும், கொழுப்பின் முனைக்கு அடியில். இங்கே இருக்கிறது, ஆனால் தெரியாது என்றேன். சுண்ணாம்பும் சும்மா இல்லை, பாக்கிலிருந்து அதைக் கிளப்பிவிட்டு உருமாற்றுவது சுண்ணாம்பின் காரம்தான் என்றும் சொன்னேன். அவர் தலையாட்டினார். புரிந்ததா, என் திருப்திக்காகவா என்று தெரியவில்லை.

வைரத்தைத் துடைக்கப் பஞ்சை எடுத்தேன். டப்பி மேசையில் திறந்தபடியே கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே மூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது.

"மூடி வைடா, காஞ்சிரும்" என்றார் அத்தை.